பேப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி... மதுரையில் எதை யார்கிட்ட கொடுக்கணும்?

குப்பை வண்டி தெருவுக்கு வந்ததும், அவசர அவசரமா எல்லாத்தையும் ஒரே வாளியில கொட்டுற ஆளா நீங்க? அந்த வாளியில ஒரு உடைஞ்ச ஊறுகாய் பாட்டில் இருந்தா, அது முதல்ல கிழிக்கிறது தூய்மைப் பணியாளரோட கையைத்தான். அதனால, எதை எப்படிக் கொடுக்கணும்னு தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

வீட்டிலேயே குப்பையைப் பிரிச்சுக் கொடுக்கணும்னு திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே சொல்லிடுச்சு. 100 வார்டு இருக்கிற மதுரை மாநகராட்சியிலும் பிரிச்சுத்தான் கொடுக்கணும். எல்லாம் கலந்துபோனா, விலை போற அட்டைப்பெட்டியும் சாம்பார்ல ஊறி வீணாகும். கடைசியில அவனியாபுரம் பக்கம் இருக்கும் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கில் இன்னும் கொஞ்சம் மலை ஏறும்.

பேப்பர்

செய்தித்தாள், நோட்டு, அட்டைப்பெட்டி எல்லாத்தையும் பழைய பேப்பர் கடையில எடைக்கு எடுப்பாங்க. ஒரே கண்டிஷன், காய்ஞ்சு இருக்கணும். சால்னா பட்ட பேப்பர் தேறாது. பேப்பர் கப் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அதைப் பேப்பரோடு சேர்க்காதீங்க.

பிளாஸ்டிக்

தண்ணி பாட்டில், ஷாம்பு டப்பா, எண்ணெய் கேன் இதெல்லாம் விலை போகும். அடியில முக்கோணத்துக்குள்ள 1, 2, 5-னு எண் இருந்தா தனியா எடுத்து வைங்க. கேரி பேக், சிப்ஸ் பாக்கெட்டைக் கடைக்காரர் வாங்க மாட்டார். ஆனா, அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சது நம்ம மதுரைதான். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, சூடான ஜல்லி மேல உருக்கித் தார் ரோடு போடலாம்னு காட்டினார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டார். 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைச்சது. சுத்தமா, தனியா கொடுத்தால்தான் அந்த கவரும் ரோடாகும்.

கண்ணாடி

எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாத பொருள் கண்ணாடி. ஆனா கனம் ஜாஸ்தி, விலை கம்மி, உடையும். அதான் நாலு பாட்டிலுக்காக யாரும் வர மாட்டாங்க. காலி பாட்டிலுக்கு விலை இருந்தா நிலைமை மாறும். 2022-ல் நீலகிரியில், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய்னு திட்டம் வந்தது அதுக்காகத்தான்.

நம்ம வீட்டுக்கு என்ன வழி? அக்கம்பக்கத்து வீடுகளோடு சேர்ந்து, கழுவின முழு பாட்டில்களை ஒரே சாக்கில் சேருங்க. மூட்டையா இருந்தா பழைய சாமான் எடுக்கிறவர் யோசிப்பார். உடைஞ்சதைப் பழைய பேப்பரில் நல்லா சுத்தி, அட்டைப்பெட்டியில் போட்டு, மேல 'உடைந்த கண்ணாடி'ன்னு எழுதிக் கையில் கொடுங்க. டியூப் லைட்டில் பாதரசம் இருக்கு. அதை உடைக்காம, அபாயக் கழிவுன்னு சொல்லித் தனியா கொடுங்க.

கொடுக்கும்போது, "அண்ணே, இதுல கண்ணாடி இருக்கு, பார்த்து"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.