தோட்டா ஏன் அறைக்குள் இறங்க மறுக்கிறது: என்ஃபீல்டு அளவும் திருவொற்றியூரும்

வடசென்னையின் திருவொற்றியூரில் ‘புல்லட்’ என்றால் மோட்டார் சைக்கிள். துப்பாக்கிக்கு உரியது ‘தோட்டா’. ஆனால் நம் நாளிதழ்த் தமிழில் துப்பாக்கியில் போடுவதும் தோட்டா, உடலிலிருந்து மருத்துவர் எடுப்பதும் தோட்டா, சம்பவ இடத்தில் போலீசார் பொறுக்கிய வெறும் பித்தளையும் தோட்டா. இக்கட்டுரைக்கு அந்தக் குழப்பம் ஆகாது. மருந்து, கேப், ஈயம், பித்தளை எல்லாம் சேர்ந்த முழுப்பொருள் தோட்டா. பறந்து போவது குண்டு. பின்தங்கும் பித்தளை கூடு. அது போய் உட்காரும் குழி அறை. இப்படி வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

சுட்டு முடித்த கூட்டில் கையால் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பி எடுத்த தோட்டா, சில வேளை அறைக்குள் இறங்காது. இறங்கினாலும், அறையைப் பின்னிருந்து அடைக்கும் போல்ட் மூடாது. மேலைநாட்டு வேட்டைக்காரர்களுக்கும் இலக்குச் சுடுவோருக்கும் இது பழைய தலைவலி. இதைப் பெரும்பாலும் கைப்பிசகு என்றே எழுதுகிறார்கள். கைப்பிசகுக்குக் கீழே இன்னொரு கேள்வி இருக்கிறது என்பது என் வாதம்: கூடு யாருடைய அளவைச் சுமந்து வந்திருக்கிறது?

பித்தளைக்கு நினைவு உண்டு. சுடும்போது எழும் அழுத்தத்தில் கூடு விரிந்து அறைச் சுவரில் ஒட்டுகிறது. பிறகு சற்றே சுருங்கினாலும் அந்த அறையின் உருவம் அதில் தங்கிவிடுகிறது. ஒரு ரைஃபிளில் சுட்ட கூடு அதே ரைஃபிளுக்குள் எளிதாகத் திரும்பும். சற்று இறுக்கமான அறை கொண்ட வேறொன்றில் அடிப்பகுதி பிடிக்கும், கழுத்துக்குக் கீழே சரியும் தோள் இடிக்கும். அதனால்தான் அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அச்சில் முழுதும் இறங்காத கூட்டில் தோள் உரிய இடத்துக்குப் பின்தள்ளப்படுவதில்லை. மிகையாகத் தள்ளினாலும் கேடு: அடுத்தடுத்த சூட்டில் கூடு நீண்டு அடியருகே அறுந்துபோகும். அறைக்குள் தோளில் முட்டி நிற்கும் வகைக் கூட்டை ஓரிரு ‘தௌ’, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ, பின்தள்ளினால் போதும். நம் தச்சர்களும் பிட்டர்களும் சொல்லும் ‘நூல்’ அங்குலத்தில் எட்டில் ஒன்று. அதில் 125 தௌ அடங்கும்.

மற்றக் காரணங்களில் கவனிக்க வேண்டியது கூட்டின் நீளம். கழுத்து நீண்டுவிட்டால் அதன் வாய் அறையின் முனையில் முட்டி, குண்டை நெரித்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத குண்டு அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். போல்ட்டை அடித்து மூடுகிறவர் இதைத்தான் தெரியாமல் செய்கிறார். குண்டை வெளியே தூக்கி வைத்தாலும், வாயை மடக்கும்போது தோள் பிதுங்கினாலும், கேப் துருத்தி நின்றாலும் அடையாளம் ஒன்றே: போல்ட் கைக்கு இணங்காது. எனவே காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே முறை. கேப்பும் மருந்தும் இல்லாத வெறுங்கூட்டை முதலில் உள்ளே விட வேண்டும். அதுவே மறுத்தால் குற்றம் அச்சிலோ நீளத்திலோ இருக்கிறது. வெறுங்கூடு இறங்கி, குண்டு வைத்தபின் இறங்காவிட்டால் தேட வேண்டிய இடம் வேறு. கூட்டில் புகை படியவிட்டு உள்ளே விட்டு எடுத்தால் உரசிய இடம் பளபளக்கும். பேரிங் சுரண்டும் பிட்டர் ‘புளூ’ தடவிப் பார்ப்பதும் இதே அறிவுதான்.

இந்தியாவுக்கு மிகவும் அறிமுகமான .303 லீ-என்ஃபீல்டில் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதன் கூடு தோளில் நிற்பதில்லை, அடிவிளிம்பில் நிற்கிறது. சேறும் அழுக்கும் படிந்த போர்க்களத் தோட்டாவும் தடையின்றி இறங்க வேண்டும் என்று அறையைத் தாராளமாகக் குடைந்தார்கள். படைவீரர் சுட்ட கூட்டை எறிந்துவிடுவார். அவருக்கு அந்தத் தாராளம் லாபம். கூட்டைத் திரும்பப் பயன்படுத்துகிறவருக்கு அதே தாராளம் நஷ்டம்.

உள்ளே போக மறுத்த தோட்டாவின் இந்திய வரலாறு இதற்கும் முந்தையது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியை நாம் தோட்டாவில் பூசிய கொழுப்பின் கதையாகவே படிக்கிறோம்: மாடா, பன்றியா என்ற அச்சம். அதே கொழுப்புக்கு இயந்திரப் பக்கமும் உண்டு. 1853 மாதிரி என்ஃபீல்டின் குழல் .577 அங்குலம், காகிதத்துக்குள் இருக்கும் குண்டு .568. இடைவெளி 9 தௌ மட்டும், அதிலும் காகிதத்துக்குப் பங்கு. நம் வெயிலில் கொழுப்பு உருகிக் காகிதத்தை விட்டுப் போனது. கரிமருந்தின் கசடு குழலில் இறுகியது. குண்டைத் திணிப்பது பாடாயிற்று. பிறகு குண்டு .55 ஆகக் குறைக்கப்பட்டது. பூச்சில் தேன்மெழுகு முதன்மை பெற்றது. சமயத்தைப் புண்படுத்திய பூச்சே அளவையும் கெடுத்தது. வரலாற்று நூல்கள் முன்னதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுப் பின்னதை ஆயுத நூல்களுக்கு ஒதுக்கிவிட்டன. இது சரியான பங்கீடாக எனக்குப் படவில்லை.  

1857-க்குப் பின் ஆட்சி அளவையே ஆயுதமாக்கியது. 1907-ல் இந்தியாவில் .450 வகைக்குத் தடை வந்ததும் பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனங்கள் .470 போன்ற புதிய அளவுகளைக் கொண்டுவந்தன. சுதந்திர இந்தியாவிலும் .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. உரிமதாரருக்கு அரசுத் தொழிற்சாலையின் .315. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-இன்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். ஆகவே மேலே சொன்ன பரிசோதனை இங்கே வீட்டு மேசைக்கு வந்ததில்லை.

வேறு வடிவில் அது வடசென்னைக்கு வந்தது என்பேன். என்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலைக்கு நுண்பாகம் செய்து கொடுத்த நிறுவனமே ராயல் என்ஃபீல்டு ஆனது. ‘துப்பாக்கிபோல் செய்யப்பட்டது’ என்பது அதன் விளம்பர வாசகம், சின்னம் பீரங்கி. 1955-ல் அது மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்தது; பிறகு திருவொற்றியூரில் புல்லட்டைப் பொருத்தும் வேலை தொடங்கியது; 1957-ல் தொழிற்கருவிகள் வந்தன. 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றிய நாட்டில் அங்குலத்தில் பிறந்த வண்டி! உதிரிபாகம் ஏறாதபோது சுத்தியல் எடுக்காமல் கோ கேஜும் நோ-கோ கேஜும் எடுக்கிற பழக்கம் துப்பாக்கிச் சாலைகள் வளர்த்த பழக்கம்: கோ கேஜ் இறங்க வேண்டும், நோ-கோ இறங்கக் கூடாது. ரைஃபிள் அறையைச் சோதிக்கும் கருவிகளுக்கும் இதே பெயர்கள்தாம்.

இந்த அறிவுக்குத் தமிழில் நூல் இல்லை, பேச்சு உண்டு. பிடிக்குது, ஆடுது, லூஸ், டைட், நூல், தௌ என்று எண்ணூர் முதல் ராயபுரம் வரை பட்டறைகளில் புழங்கும் சொற்களை ஓய்வுபெற்ற டர்னர்களிடமும் பிட்டர்களிடமும் கேட்டுத் தொகுக்க ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் சில மாத அலைச்சலும் போதும். தமிழ்த் துறைகள் இதைச் செய்ய வேண்டும்; சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.