தண்டவாளத்தில் அமர்ந்த டிரான்ஸ்பார்மர்

1885-ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரத்துக் கான்ஸ் தொழிற்சாலையில் ஜிபெர்னோவ்ஸ்கி, டேரி, பிளாத்தி என்னும் மூவர் மூடிய இரும்பு உள்ளகம் கொண்ட டிரான்ஸ்பார்மரை உருவாக்கியபோது, அவர்கள் கருதியது ஊர்களுக்கு விளக்கேற்றும் பெருங்காரியமே. அதன் சிறு வாரிசு மின்பலகைக்குள் குடியேறியதோ வேறு சரித்திரம். உறுப்புகளைத் தனித்தனியே துளையிட்டுத் திருகும் சிரமத்தைப் போக்க வழிகாட்டியது ஜெர்மனியின் எஸ்ஸன் நகரம். அங்கே 1928-இல் பீனிக்ஸ் நிறுவனமும் ஆர்.டபிள்யூ.இ. மின்சாரக் கம்பெனியும் சேர்ந்து, ஒரு தண்டின்மேல் வரிசையாகக் கோக்கத்தக்க இணைப்பான்களை வகுத்தன. பிற்காலத்தில் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள தொப்பி வடிவத் தண்டவாளம் தரமாகி உலகெங்கும் பரவ, அந்தச் சிறு வாரிசான கட்டுப்பாட்டு டிரான்ஸ்பார்மரும் அதில் அமர்ந்தது.

இந்த டிரான்ஸ்பார்மரைத் தேர்ந்தெடுப்போர், அது மின்சாரம் ஊட்டும் காண்டாக்டர்கள் (சுருளின் காந்த ஈர்ப்பால் மூடும் சுவிட்சுகள்) மூடி நிற்கையில் உண்ணும் சக்தியை மட்டும் கூட்டிப் பார்ப்பது போதாது என்பது என் திடமான அபிப்பிராயம்; ஏனெனில் சுருள் ஈர்க்கும் அந்தக் கணத்தில் பன்மடங்கு மின்னோட்டம் பாய்கிறது, டிரான்ஸ்பார்மர் சிறிதாயின் மின்னழுத்தம் தாழ்ந்து, ஆர்மெச்சூர் என்னும் அசையும் இரும்பு முழுமையாக மூடாமல் அதிர்ந்து, சுருளே வெந்துபோகிறது.