புது மாடல் வரட்டும்: கணினிச் சந்தையில் காத்திருப்பின் வரலாறு

கையில் பணமும் தேவையும் இருந்தும், இதைவிடச் சிறந்தது இன்னும் சில மாதங்களில் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பால் ஒரு பொருளை வாங்காமல் தள்ளிப்போடும் வழக்கம் கணினிக்கு முன்பும் இருந்ததுதான். 1927 மே மாதத்தில் ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' காரின் உற்பத்தியை நிறுத்திவிட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் 'மாடல் ஏ' காரைக் கண்ணில் காட்டும்வரை, அமெரிக்காவில் கார் வாங்க இருந்தவர்களில் ஒரு சாரார் புது ஃபோர்டைப் பார்த்த பிறகே முடிவெடுப்பது என்று பொறுத்திருந்தனர். இன்னொரு சாரார் செவ்ரோலெட் பக்கம் போய்விட்டனர். ஆனால் வாங்குபவரின் இந்தத் தயக்கம் ஒரு தொழிலின் ஏற்ற இறக்கத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்து, அதற்கென்று ஒரு பெயரும் ஒரு கதையும் உண்டாகும் அளவுக்கு வளர்ந்தது கணினிச் சந்தையில்தான்.

நீண்ட காலம் உழைக்கும் பொருளை விற்பவருக்கு இத்தகைய தயக்கம் எப்போதுமே தலைவலி என்பதைப் பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1972-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் விளக்கினார். அதிக விலை கொடுக்கக்கூடியவர்கள் வாங்கி முடித்ததும், எஞ்சியவர்களைப் பிடிக்க விற்பவர் விலையைக் குறைத்தே தீருவார் என்பது வாங்குபவர்களுக்குத் தெரிந்திருப்பதால், ஆடித் தள்ளுபடியை மனத்தில் வைத்து ஆனியில் துணிக்கடைப் பக்கமே போகாதவர்களைப் போல அவர்கள் இன்றே வாங்க மறுப்பார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கணினியின் விஷயத்தில் இது இரட்டிப்பாகிறது, ஏனெனில் அங்கே விலை இறங்குவதோடு பொருளே மேம்பட்டுக்கொண்டும் போகிறது. ஒரு சில்லில் பொருத்தக்கூடிய மின்னணு உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று கார்டன் மூர் 1965-இல் கணித்து, 1975-இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டதைத் தொழில் முழுவதும் ஒரு கால அட்டவணையாகவே எடுத்துக்கொண்டது, வாங்குபவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

காத்திருக்கச் சொல்வதே ஓர் ஆயுதமாகவும் பயன்பட முடியும் என்பது மேசைக் கணினிகள் தோன்றுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. சீமோர் கிரே வடிவமைத்த சிடிசி 6600 கணினி 1964-இல் சந்தைக்கு வந்தபோது, வேகத்தில் அதற்கு ஈடான இயந்திரம் ஐபிஎம்மிடம் இல்லை. ஆயினும் தன் சிஸ்டம்/360 வரிசையில் அத்தகைய இயந்திரம் ஒன்று வரப்போகிறது என்று ஐபிஎம் அறிவித்தது. மாடல் 91 என்ற அந்த இயந்திரம் வாடிக்கையாளர் கைக்கு வந்து சேர 1967 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் தங்களுக்கு வரவேண்டிய ஆர்டர்கள் இன்னும் உருவாகாத ஒரு காகித இயந்திரத்தால் தடைபட்டன என்று சிடிசி நிறுவனம் 1968 டிசம்பரில் வழக்குத் தொடுக்க, 1973-இல் முடிந்த சமரசத்தில் ஐபிஎம் தன் துணை நிறுவனம் ஒன்றையே கொடுத்து விலக வேண்டியிருந்தது. எதிரியின் பொருளை வாங்காமல் இருக்கச் செய்யும் அறிவிப்பு, கடையில் தன் பொருளே இருக்கும்போது தன்னையே தாக்கும் என்பது அடுத்த இருபது ஆண்டுக்குள் கலிஃபோர்னியாவில் வெளிப்பட்டதாகச் சொல்லப்படுகிறது; அந்தக் கதையின் நாயகருக்குத் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தார். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அன்பர், அவரைப் பற்றி நூல்கள் எழுதியவர், பின்னாளில் ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழை நிறுவி நடத்தியவர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தை தாய்லாந்தில் ஜப்பானியரின் காவலில் இருக்க, போலந்து நாட்டவரான தாய் லூசியாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தனர். அங்கே தமிழ் பேசி வளர்ந்து கொடைக்கானலில் பள்ளிக்குச் சென்ற ஆடம், பிறகு இங்கிலாந்தில் வேதிப் பொறியியலும் அமெரிக்காவில் முனைவர் பட்டமும் முடித்து, நுண்செயலிகளைப் பற்றி எளிய நூல்கள் எழுதிப் பதிப்பித்துப் பேர்பெற்று, அந்தப் பதிப்பகத்தை 1979-இல் மெக்ரா ஹில் நிறுவனத்திடம் விற்றார். அடுத்து அவர் இறங்கியது கணினித் தயாரிப்பில்.

லீ ஃபெல்சன்ஸ்டீன் வடிவமைத்த 'ஆஸ்போர்ன் 1' 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கணினிக் கண்காட்சியில் 1,795 டாலர் விலையில் அறிமுகமாயிற்று. கைப்பிடி வைத்த தையல் இயந்திரப் பெட்டியின் அளவும் ஏறத்தாழ 11 கிலோ எடையும் கொண்ட அதை மடியில் வைக்க முடியாது. விமான இருக்கைக்கு அடியில் தள்ளி வைக்கலாம் என்பதே அந்நாளில் அதன் பெருமை. விசைப்பலகையே பெட்டியின் மூடியாகவும் அமைந்திருந்தது. அதைக் கழற்றினால் இரண்டு பிளாப்பி டிரைவுகளுக்கு நடுவே 5 அங்குலத் திரை ஒன்று தெரியும். அந்தத் திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகள் மட்டுமே அடங்கும் என்பதுதான் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ளத் தேவையான நுணுக்கம். தட்டச்சுத் தாளுக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் ஏற்பட்டுவிட்ட 80 எழுத்து அகலத்தில் கடிதம் அடிப்பவர், வரியின் வலப்பக்கத்தைப் பார்க்க விசைகளை அழுத்தித் திரைக்காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தி, இடப்பக்கத்தைப் பார்க்க மீண்டும் இழுத்துவர வேண்டும். சொற்செயலி, கணக்குத்தாள் உள்ளிட்ட மென்பொருள்களையும் விலையோடு சேர்த்தே கொடுத்ததால் வாங்கியவர்கள் இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டனர். விற்பனை உச்சத்தில் இருந்தபோது மாதத்துக்கு 10,000 பெட்டிகள் போயின.

அப்படிப்பட்ட நிறுவனம் 1983 செப்டம்பர் 13 அன்று திவால் மனு கொடுத்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. 7 அங்குலத் திரையும் 80 எழுத்து வரியும் கொண்ட 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற அடுத்த மாடலை, அது கடைகளுக்கு வருவதற்கு முன்பே ஆஸ்போர்ன் பத்திரிகையாளர்களிடம் காட்டினார், செய்தி பரவியதும் பழைய மாடலுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை விற்பனையாளர்கள் ரத்து செய்தனர், சரக்கு தேங்கியது, ஜூலையில் 1,295 டாலராகவும் ஆகஸ்டில் 995 டாலராகவும் விலையைக் குறைத்தும் பயனில்லை. புதியதைப் பற்றி முன்கூட்டியே பேசி இருப்பதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு இன்றும் ஆஸ்போர்ன் விளைவு என்றே வணிக உலகில் பெயர்.

ஆனால் காலவரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் முழுமையாக நிற்கவில்லை. 9 அங்குலத் திரையும் 80 எழுத்து வரியும் கொண்ட கேப்ரோ II, ஆஸ்போர்ன் 1-ஐ ஒட்டிய விலையிலேயே 1982-இல் கடைகளுக்கு வந்துவிட்டது. ஐபிஎம் கணினிக்கான மென்பொருள்களை அப்படியே இயக்கவல்ல காம்பேக் போர்ட்டபிள் அந்த ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முதல் ஆண்டிலேயே 53,000 பெட்டிகள் விற்றது. ஆஸ்போர்னின் இரு மாடல்களுமோ பழைய சிபி/எம் இயங்குதளத்தை நம்பியிருந்தன. ஆகவே வாடிக்கையாளர்களில் கணிசமானோர் எக்ஸிக்யூட்டிவுக்காகக் காத்திருந்தார்கள் என்பதைவிட, காத்திராமல் பக்கத்துக் கடையில் வேறொன்றை வாங்கிப் போனார்கள் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நிறுவனத்தின் உள்நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை: கிடங்கில் மிஞ்சிக் கிடந்த 1,50,000 டாலர் மதிப்புள்ள பழைய சுற்றுப் பலகைகளை வீணாக்காமல் பெட்டிகளாக்கி விற்க நினைத்து, அதற்காக மேலும் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் செலவிட்டார்கள் என்று அங்கே பணியாற்றியவர்களின் கூற்றாகப் பிற்காலத்தில் ஒரு விவரம் வெளிவந்தது. இத்தனைக்கும் மேலாக அந்தக் கதை இவ்வளவு நிலைத்ததற்கு, வாயால் கெட்டவர் ஒருவர் என்ற வார்ப்பு எவர் மனத்திலும் சட்டென்று ஒட்டிக்கொள்வதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கதையில் கவனிக்கப்படாமல் போகும் இன்னொருவர் விற்பனையாளர். ஒரே ஒரு பெட்டி வாங்குபவர் தவறாகக் கணித்தால் அவருக்கு மிஞ்சுவது சற்றுப் பழைய கணினி மட்டுமே. ஐம்பது பெட்டிகளைக் கடனுக்கு எடுத்துக் கடையில் அடுக்கியவருக்கோ விலைக்குறைப்பு ஒவ்வொன்றும் நேரடி நட்டம். எனவே அடுத்த மாடல் பற்றிய வதந்திக்கு முதலில் செவிகொடுப்பவர் அவராகவே இருந்தார், 1983-இல் ஆர்டரை முதலில் நிறுத்தியவரும் அவர்தான்.

காத்திருப்பதால் உண்மையில் லாபம் உண்டா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை கண்டவர்கள் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் வானியலாளர்கள். அரைக் கேலியாக அவர்கள் 1999-இல் வெளியிட்ட கட்டுரையின் தருக்கம் பின்வருமாறு அமைந்தது: கணினியின் வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால், இன்றைய கணினியில் 26 மாதத்துக்கு மேல் ஓடவேண்டிய கணக்கீட்டை இன்றே தொடங்குவது வீண், சும்மா இருந்துவிட்டுப் பிறகு வேகமான கணினியை வாங்கித் தொடங்கினாலும் முன்னதாகவே முடிந்துவிடும். இதை மறுபக்கத்திலிருந்து படிப்பதே பயனுள்ளது. இரட்டிப்பு அத்தனை விரைவாக நிகழ்ந்த காலத்திலும்கூட, 26 மாதத்துக்குக் குறைவான எந்த வேலைக்கும் காத்திருப்பு நட்டம்தான். கடிதமும் கணக்கும் எழுதுவதற்கு லேப்டாப் தேடியவர்களின் வேலை எதுவும் அந்த எல்லையின் அருகில்கூட வரவில்லை.

வராமலே போனவற்றுக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு. 2003 ஜூனில் ஜி5 செயலி பொருத்திய மேசைக் கணினியை அறிமுகப்படுத்தியபோது, ஓராண்டுக்குள் அதன் வேகம் 3 கிகாஹெர்ட்ஸை எட்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் வாக்களித்தார். அது எட்டவில்லை என்பதோடு, வெப்பம் மிகுந்த அந்தச் செயலியை மெல்லிய மடிக்கணினி ஒன்றுக்குள் அடக்கவும் முடியவில்லை. ஜி5 மடிக்கணினி வரட்டும் என்று பழையதையே ஓட்டிக்கொண்டிருந்த ஆப்பிள் வாடிக்கையாளர்களுக்கு 2005 ஜூன் 6 அன்று கிடைத்த செய்தி, நிறுவனம் இன்டெல் செயலிகளுக்கே மாறப்போகிறது என்பது. இப்போது விற்கும் கணினிகள் அனைத்தும் 2007 இறுதிக்குள் பழைய குடும்பமாகிவிடும் என்று ஆப்பிள் தானே மேடையேறிச் சொன்ன இந்த அறிவிப்பு, ஆஸ்போர்ன் செய்ததாகச் சொல்லப்படும் தவற்றைவிட எவ்வளவோ பெரியது. இருந்தும் விற்பனை சரிந்துவிடவில்லை. 2006 ஜூனுக்குள் என்று சொல்லியிருந்த முதல் இன்டெல் கணினிகளை ஜனவரியிலேயே கொண்டுவந்ததும், பழைய மென்பொருள்கள் புதிய செயலியில் ஓடுவதற்கு வழி செய்ததும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறுவனத்தின் கையில் பணம் இருந்ததும் அதைக் காப்பாற்றின.

இன்டெல் நிறுவனமோ 2007 முதல் ஓராண்டு சில்லின் உறுப்புகளைச் சிறிதாக்குவது, மறு ஆண்டு அதன் வடிவமைப்பைப் புதுப்பிப்பது என்ற முறையைக் கடிகாரத்தின் டிக்-டாக் ஒலியின் பெயரால் அறிவித்து, காத்திருப்பவர்களுக்கு நாள்காட்டியே போட்டுக் கொடுத்தது. 14 நானோமீட்டர் தலைமுறையில் அந்த நாள்காட்டி பிசகியதால், ஆப்பிள் 2015 மே மாதத்தில் புதுப்பித்த 15 அங்குல மடிக்கணினியில்கூட 2013-ஆம் ஆண்டுத் தலைமுறைச் செயலியே இருந்தது. 10 நானோமீட்டர் சில்லுகள் மடிக்கணினிகளில் பரவலாக வந்தது 2019-இல்தான். முன்னேற்றத்தின் வேகம் இப்படிக் குறைந்த பிறகும் வழக்கம் மட்டும் குறையவில்லை. ஆப்பிளும் மற்றவர்களும் நினைவகத்தைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கத் தொடங்கியதால், பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்ற ஆறுதல் போய், வாங்கும் நாளின் முடிவே கடைசி முடிவாகி, தயக்கம் கூடியது என்றுகூடச் சொல்லலாம்.

காத்திருந்ததன் வினோதமான விளைவு ஒன்று 2021-இல் தெரிந்தது. விண்டோஸ் 11 இயங்குதளத்தை அறிவித்த மைக்ரோசாஃப்ட், இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், விதிவிலக்கான மிகச் சில பழைய செயலிகளும் மட்டுமே அதற்குத் தகுதி பெறும் என்று வரம்பு கட்டியது. எட்டாம் தலைமுறையின் மடிக்கணினிச் செயலிகள் வெளியானது 2017 ஆகஸ்டில். அந்த ஆண்டின் கோடையில் ஏழாம் தலைமுறை லேப்டாப் வாங்கியவருக்கும், பொறுத்திருந்து ஆண்டின் இறுதியில் வாங்கியவருக்கும் அன்றாட வேலைக்கு அது போதுமா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்தபோது முன்னவரின் இயந்திரம் வரம்புக்கு வெளியேயும் பின்னவருடையது உள்ளேயும் இருந்தன. இரண்டு பேரில் எவரும் 2017-இல் அப்படியொரு வரம்பைக் கணக்கில் எடுத்திருக்க முடியாது. அது அப்போது எழுதப்படவே இல்லை.