பனியில் இறங்க யாருக்கு அனுமதி?

குண்டு, ஒல்லி, நடுத்தரம். 1988இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘ஐஸ் ஹாக்கி’யில் ஆள் தேர்ந்தெடுக்க இந்த மூன்று உடம்புகள்தான் உண்டு. குண்டு ஆள் ஆடி அசைந்துதான் வருவார். ஆனால் மோதினால் எதிரே நிற்பவர் சுருண்டு விழுவார், அடித்தால் வட்டு பறக்கும். ஒல்லி ஆள் செம வேகம், லேசாக இடித்தாலே காலி. கோல்கீப்பர் போக நான்கு பேர். யார் யாரை இறக்குவது என்று யோசிப்பதிலேயே பாதி ஆட்டம் தீர்மானமாகிவிடும்.

அதில் ஆறு நாடுகள். அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், போலந்து, அப்புறம் சோவியத் ஒன்றியமும் செக்கோஸ்லோவாக்கியாவும். 1993 பிறந்தபோது கடைசி இரண்டும் உலக வரைபடத்தில் இல்லை. பழைய கேசட்டைப் போட்டால் மட்டும் இன்றும் மோதிக்கொள்கின்றன.

அந்த ஆட்டத்தில் எந்த வீரருக்கும் பெயர் கிடையாது. பெயர் இல்லையென்றால் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஐஸ் ஹாக்கி வீடியோ கேம்களின் கதையைப் பொதுவாக கிராபிக்ஸ் வளர்ந்த கதையாகத்தான் சொல்வார்கள். 1981இல் ஆக்டிவிஷன் அடாரிக்குச் செய்த ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். இன்றைக்கு வியர்வைகூடத் தெரிகிறது. உண்மைதான். ஆனால் அதே கதையை இன்னொரு கேள்வியோடும் படிக்கலாம்: பனியில் யார் இறங்கலாம், யார் கூடாது என்பதை யார் முடிவு செய்தார்கள்?

முதலில் விற்பனைக்கு வந்தது பெயர். அதே 1988இல், பின்னாளில் ‘ஸ்கைரிம்’ தந்த பெதஸ்டா நிறுவனம் ‘வேய்ன் கிரெட்ஸ்கி ஹாக்கி’யை வெளியிட்டது. ஹாக்கியின் மாபெரும் நட்சத்திரத்தின் பெயர் அட்டையிலேயே இருந்தது. ஆனால் ஒரு லீக் முழுவதையும் திரையில் காட்ட வேண்டுமென்றால் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். அணிகளின் பெயரும் சின்னமும் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்எச்எல்லுக்குச் சொந்தம். வீரர்களின் பெயர்களுக்கு அவர்களுடைய சங்கத்திடம் போக வேண்டும்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் சேகாவுக்குச் செய்த மூன்று ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 1991இன் ‘என்எச்எல் ஹாக்கி’யில் லீக்கின் அனுமதி இருந்தது, சங்கத்தின் அனுமதி இல்லை. அணிகள் உண்டு, வீரர்கள் வெறும் எண்கள். 1992இன் ‘என்எச்எல்பிஏ ஹாக்கி 93’இல் கதை தலைகீழ். வீரர்கள் பெயரோடு வந்தார்கள், அணிகளுக்கு ஊர்ப்பெயர் மட்டும்தான். சிகாகோவின் ஜெரமி ரோனிக்கை எடுத்துக்கொண்டு ஆடுபவரைத் தடுப்பது பெரும்பாடு. இந்த ஆட்டத்தில் கைகலப்பு உண்டு. அடிபட்டு விழுந்தவரின் தலையைச் சுற்றிப் பனியில் ரத்தமும் பரவும்.

நிஜ ஹாக்கியிலும் சண்டை நடக்கும். சண்டை போட்டவர்கள் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். கோனாமியின் ‘பிளேட்ஸ் ஆஃப் ஸ்டீல்’ 1987லேயே இதை ஆட்டமாக்கியிருந்தது. அதில் தோற்றவர்தான் பெட்டிக்குப் போவார். அடியும் வாங்கி, தண்டனையும் வாங்க வேண்டும்!

1993இல் ‘என்எச்எல் 94’ வந்தது. இப்போது இரண்டு அனுமதியும் கையில். வரும் வட்டை நிறுத்தாமல் அப்படியே கோலுக்கு அடிக்கும் வசதி வந்தது, அரங்கின் ஆர்கன் இசைகூட வந்தது. காணாமல் போனது சண்டை. லீக் அதை விரும்பவில்லை. நிஜப் பனியில் அனுமதித்ததைத் திரைப்பனியில் தடுத்தார்கள். 1996இல் வந்த ‘ஸ்விங்கர்ஸ்’ படத்தில் நண்பர்கள் சோபாவில் உட்கார்ந்து இதைப் பற்றிப் புலம்பும் காட்சியே இருக்கிறது. சண்டைக்காக அவ்வளவு பேர் வருந்தினார்கள். சில ஆண்டுகளில் அது திரும்பியும் வந்துவிட்டது.

இன்னொன்றும் அந்தத் திரையில் இல்லை. அதற்காக யாரும் பெரிதாகப் புலம்பியதாகத் தெரியவில்லை.

பெயர்களோடு வீரர்கள் திரைக்கு வந்த அதே 1992, செப்டம்பர். டாம்பா பே அணிக்காக ஒரு காட்சி ஆட்டத்தில் கோல்கீப்பராக நின்றார் மனோன் ரியோம் என்ற இளம்பெண். என்எச்எல் அணி ஒன்றுக்கு ஆடிய முதல் பெண் அவர். 1998இல் பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்குக்கும் போய்விட்டது. திரையில் மட்டும் எல்லாரும் ஆண்கள்.

2011இல் அமெரிக்காவின் பஃபலோவைச் சேர்ந்த 14 வயது ஹாக்கி வீராங்கனை ஒருவர் கேட்டு எழுதினார்: ஆட்டத்தில் ஏன் பெண்களே இல்லை? லீக்கின் சம்மதம் வேண்டும் என்று முதலில் பதில் வந்தது. பிறகு நிறுவனமே போய்ச் சம்மதம் வாங்கியது. ‘என்எச்எல் 12’இல் பெண் வீரரை உருவாக்கிக்கொள்ளும் வசதி வந்தது, அதற்கான மாதிரி முகம், எழுதிய அந்தச் சிறுமியின் முகம். அடுத்த ஆண்டு ஹேலி விக்கன்ஹைசரும் ஏஞ்சலா ருஜீரோவும் சொந்தப் பெயரோடு இறங்கினார்கள். 2022இல் ‘என்எச்எல் 23’இன் அட்டைக்கு சாரா நர்ஸ் வந்தார், கனடாவுக்காக ஒலிம்பிக் தங்கம் வென்ற அதே ஆண்டில். அந்த ஆட்டத்தில் ஆணையும் பெண்ணையும் ஒரே அணியில் சேர்த்து ஆடலாம்.

1988இல் மூன்று உடம்புகள் வரைய நிண்டெண்டோவுக்குச் சின்ன கேசட்டே போதுமானதாக இருந்தது. நான்காவதாக ஒரு பெண்ணை வரைவதற்கும் அதில் இடம் இருந்திருக்கும். கேட்க ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது.