கீழே கடை, மேலே குடும்பம்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடைவீதியின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, கீழே கடையும் மேலே குடியிருப்புமாக மாடிகள் எழுகின்றன. இம்முறை முஸ்லிம் உலகுக்குப் புதியதன்று. கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகே, மம்லூக் சுல்தான் அல்கோரீ 1504-05இல் எழுப்பிய விகாலா என்னும் வணிக விடுதி இன்றும் நிற்கிறது. நடுவே வானம் பார்த்த முற்றம். கீழ்த்தளங்களில் வணிகர்களின் சரக்கறைகள். மேலே வாடகைக் குடியிருப்புகள். அவற்றுக்குத் தெருவிலிருந்தே தனி வாயில் இருந்தது. பெண்கள் வணிகர் கூட்டத்தைக் கடந்து மாடியேற வேண்டியதில்லை. மரச்சட்டப் பலகணிகள் பார்வையை மறைத்துக் காற்றை விட்டன. (சுல்தானோ 1516இல் மர்ஜ் தாபிக் போர்க்களத்தில் மடிந்தார், தமக்கெனக் கட்டிய அடக்கத்தலம் அவருக்கு வாய்க்கவில்லை.)

நம் ஊர்களில் எழுபவை பலவற்றில் முற்றம் இல்லை, கடையை ஒட்டியே வீட்டுப் படி ஏறுகிறது, பகலிலும் விளக்கெரிகிறது. முற்றத்துக்கு விடும் இடம் வாடகை நட்டம் என்கின்றனர். அந்தக் கணக்கில் வீட்டுப் பெண்களின் பகற்பொழுது சேர்க்கப்படவில்லை என்பதே எம் குறை.

கட்டுபொருளுக்கும் வழி அருகிலேயே உண்டு. இதே மாவட்டத்து ஆரோவில்லில், சூளையில் சுடாமல் சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திய மண்கற்களால் நான்கு தளம் வரை கட்டியிருக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு காலைப் பொழுதில் சென்று பார்த்துத் திரும்பிவிடலாம்.