தம்பானைக் காடும் வேடர் உரிமையும்

ஊவா மாகாண வரலாறு என்றதும் தோட்டங்களின் வரலாறே எம்மவர் நினைவிற்கு வருகின்றது. பதுளைத் தேயிலை மலைகளில் வளர்ந்த எனக்கும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. எனினும், இதே மாவட்டத்தில் மகியங்கனைக்குக் கிழக்கேயுள்ள தம்பானை வேடரின் கதையும் எமது கதையும் ஒரு சட்டத்திற் சந்திக்கின்றன.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியன எனக் கொண்டது. மலைக்காடுகள் கோப்பித் துரைமார் கைக்கு மாறின; அங்கு உழைக்க எமது மூதாதையர் கொண்டுவரப்பட்டனர். வேடரிடம் உறுதிப் பத்திரம் ஏது? ஆயினும் அவர்தம் காடு உடைமையற்ற காடன்று. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல், ஒவ்வொரு குழுவினரும் தத்தமக்குரிய வேட்டை நிலத்தின் எல்லையை அறிந்திருந்தனர் என்றும், பிறர் எல்லையை மதித்து நடந்தனர் என்றும் காட்டுகின்றது. வெளியுலகத் தொடர்பும் அவர்க்குப் புதிதன்று. இரவில் கொல்லன் பட்டறையருகே இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் நறுக்கிய இலையையும் வைத்துச் செல்வார்கள் என 1681இலேயே றொபேட் நொக்ஸ் எழுதியுள்ளார்.

மகாவலித் துரித அபிவிருத்தித் திட்டம் இக்காட்டின் ஒரு பகுதியை வயலாகவும் குடியேற்றமாகவும் மாற்றியது. எஞ்சியதில் பெரும்பகுதி 1983 நவம்பர் 9ஆம் நாள் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாயிற்று. நீரேந்து பிரதேசத்தையும் யானைகளையும் காக்கும் அந்நோக்கத்தைக் குறைகூற முடியாது. வில்லின் இடத்தைத் துப்பாக்கி பிடித்துவிட்ட காலத்தில் வேட்டைக்கு வரம்பு வேண்டும் என்போர் வாதத்தையும் புறந்தள்ளலாகாது. ஆனால், காட்டை ஏக்கர் கணக்கில் அழித்தவை பெருந்தோட்டங்களும் நீர்ப்பாசனத் திட்டங்களுமே. அத்துமீறியோர் எனப் பெயர் பெற்றவரோ தேனெடுத்தும் மான் வேட்டையாடியும் வாழ்ந்தவர்.

பல குடும்பங்கள் ஹென்னானிகலை முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. முதுபெருந் தலைவர் திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு தம்பானையை விட்டகல மறுத்தார்; 1998இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர்தம் மைந்தர் வன்னில அத்தோ, 1996இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் பழங்குடிகள் தொடர்பான செயற்குழுவின் முன் தம் மக்களின் வேட்டை நிலம் பற்றி முறையிட்டார். அப்போது அந்நிலம் பூங்காவாகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.