ஸ்பின், ஸ்பன், ஸ்பின்ஸ்டர்

கோவைப் பக்கம் ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் தெரிந்த ஓர் ஆங்கில வினைச்சொல் ‘ஸ்பின்’. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தபின் ஆலைகள் பெருகின. “பையன் ஸ்பின்னிங்ல இருக்கறானுங்க” என்றால் எங்கள் கருமத்தம்பட்டியில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு நூல் ‘ஃபில்’, நூற்பது ‘ஃபிலே’. அது ஒழுங்கான வினை. ஆங்கிலத்தில் ‘ஸ்பின்’ இறந்தகாலத்தில் ‘ஸ்பன்’ ஆகிவிடும்; பழைய நாளில் ‘ஸ்பேன்’ என்றும் வழங்கினார்கள். பெயர்ச்சொல்லாக நின்றால் சுழற்சி. கிரிக்கெட்டில் சுழல் பந்து, அரசியலில் செய்தியைத் தமக்குச் சாதகமாகத் திரித்துச் சொல்வது.

தமிழிலும் ‘நூல்’ பெயர், ‘நூற்றாள்’ வினை. நமக்குப் புத்தகமும் நூல்தான். நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சுக்கும் புலவனை நூற்கும் பெண்ணுக்கும் ஒப்பிட்டார். அவர் ஊர் பெருந்துறை அருகே சீனாபுரம் என்பது கொங்கு நாட்டார் வழக்கு.

ஆங்கிலத்தில் நூற்பவளுக்கு ‘ஸ்பின்ஸ்டர்’ என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் சட்டப் பத்திரங்களில் அதுவே ‘மணமாகாதவள்’ என்றாகி, பிறகு ஏளனச் சொல்லாயிற்று. துணையில்லாத பெண்ணுக்கு ராட்டைதான் பிழைப்பு என்பதே காரணம். நற்றிணையிலும் ஆண் துணையற்ற பெண்கள் நூற்ற நுண்ணூல் வருகிறது. நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் மாதிரிப் படிவத்திலும் மணமகளுக்கு ‘ஸ்பின்ஸ்டர்’ என்றே எழுதியிருக்கும். இங்கிலாந்தில் 2005-இல் திருமணப் பதிவேட்டிலிருந்து அச்சொல்லை நீக்கிவிட்டார்கள்.

சொல்லை நீக்கினாலும் நிலைமை நீங்கவில்லை. 2000-களில் நம் மேற்கு மாவட்ட ஆலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மணமாகாத பெண்களைச் சேர்த்தார்கள். விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது பேச்சு. இடையில் உடம்புக்கு முடியாமல் நின்றவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. தொழிற்சங்கங்களும் நீதிமன்றங்களும் தலையிட வேண்டியதாயிற்று.

நூற்பவள், மணமாகாதவள் என்ற இரண்டு பொருளும் அந்தப் பெண்களுக்கு அப்படியே பொருந்தின. வீட்டில் பேத்திகள் ‘ஸ்பின்ஸ்டர்’ என்றால் என்ன என்று கேட்டால், முதலில் ‘நூற்பவள்’ என்று சொல்லிக் கொடுங்கள். அதுதான் அச்சொல்லின் மூத்த பொருள், மரியாதையான பொருளும்கூட.